பங்குனி உத்திரத்துக்கு வருகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். அப்பா காலமான பிறகு அம்மாவோடு நான்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு 81 வயது. சுகரும் பிரஷரும் உண்டு. நான் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். மனைவிக்கு மதுரையில் ஆசிரியர் வேலை, சனி ஞாயிறு வந்து போவாள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைக் கும்பிட இரண்டு அக்காக்களும் தம்பியும் குடும்பத்தோடு வருவார்கள். அத்தான்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று 14 பேர். ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்குவார்கள். போன பங்குனியில் அம்மா இருட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பகலில் ஒரு கண் தூக்கம் இல்லை. கோயிலில் படையல் போட்டுத் தீபாராதனை முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அம்மாவுக்கு வெயிலில் வேர்த்துக் கொட்டி, பேச்சும் கொஞ்சம் குழறியது. யாரோ ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார்கள், தெளிந்துவிட்டாள். எல்லோரும் ஊருக்குப் போன பிறகு நாலைந்து நாள் படுத்தே கிடந்தாள். ஒருநாள் சாயங்காலம், "பிள்ளைகள்லாம் கோயில்லேந்து இன்னும் வரலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

பெரியக்காவிடம் சொன்னேன். "நாங்க இருக்கும்போது நல்லாத்தானல இருந்தா? நீதாம்ல அவளைச் சீக்காளி ஆக்குத" என்கிறாள். இனிமேல் ஒருநாள் மட்டும் வந்து போங்கள் என்று சொல்லிவிடலாமா? அம்மாவைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்த பாவம் வந்து சேருமோ என்றும் இருக்கிறது. என் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். கோயிலில் வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, கலர் குடித்ததும் தெளிந்தது. வெயில் என்று எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் சட்டென்று சரியானது என்றால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

காலையில் மாத்திரை போட்டார்களா, சாப்பிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் படையல் முடியாமல் ஒரு வாய் சோறு தொடாத தலைமுறை அது. சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அந்த வகை. மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு மணி வரை வெறும் வயிற்றோடு அடுப்புப் பக்கமும் வெயிலிலும் நின்றால் சர்க்கரை 70க்குக் கீழே சாதாரணமாக இறங்கிவிடும். வயதானவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் சில சமயம் தெரியவே தெரியாது. ஆள் குழம்புவதும் நாக்கு குழறுவதும்தான் தெரியும். பக்கவாதத்துக்கும் இதே குழறல் வரும் என்பதால், இன்னொரு முறை நடந்தால் கலரோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இந்த வாரமே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவின் மருத்துவரிடம் போய், கோயில் அன்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பூஜை நாளில் எதை எப்போது போடுவது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சாஸ்தாவுக்கு முன்னால் அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். மூத்த மருமகன் சொன்னால் கேட்பார்கள், அத்தானைச் சொல்லவையுங்கள்.

அடுத்தது தண்ணீர். 14 பேர் வந்தால் ஒரு வீட்டுக் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டுப் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். என் மாமியாரை வைத்துப் பார்த்த வருடங்களில் இதை நேரிலேயே கண்டிருக்கிறேன். விசேஷ வீட்டில் செம்புத் தண்ணீர் காலையில் வைத்தபடி சாயங்காலமும் இருக்கும். வயதானால் தாகமும் சரியாக எடுக்காது. தண்ணீர் குறைந்து, தூக்கமும் கெட்டு, கூடவே சிறுநீரில் கிருமித் தொற்றும் சேர்ந்தால் காய்ச்சலே இல்லாமல் புத்தி தடுமாறும், பாதி நேரம் தெளிவாகவும் இருப்பார்கள். "பிள்ளைகள் இன்னும் வரலையா" என்று கேட்டது அதனாலா, மறதி நோயின் ஆரம்பமா, இல்லை ஆசையில் வாயில் வந்த சொல்தானா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'வயசாச்சுல்லா' என்று விட்டுவிடாதீர்கள்.

இனி பெரியக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த அம்மா நன்றாகத்தான் இருந்தார். பிள்ளைகளைக் கண்டதும் முதுகு நிமிர்ந்துவிடும், பழைய கதையெல்லாம் வரும், காலில் வலி இருப்பதே வெளியே தெரியாது. அந்த நிமிர்வுக்கு உடம்பு கொடுக்கும் விலை அவர்கள் ரயிலேறிய பிறகுதான் தெரியவரும். அதைப் பார்க்க நீங்கள் ஒருவர் மட்டும்தான் அங்கே இருக்கிறீர்கள். போனில் எவ்வளவு சொன்னாலும் இது விளங்காது, சண்டைதான் மிஞ்சும்.

ஆகவே 'ஒருநாள் மட்டும் வாருங்கள்' என்று சொல்லாதீர்கள் என்பேன். பாவம் புண்ணியம் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வருடத்தில் அந்தச் சில நாட்கள் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. உங்கள் அக்காக்களுக்கும் அது தாய்வீடு. அவர்களும் 55, 60 வயதைத் தொட்டிருப்பார்கள், அங்கங்கே ஒரு மாமியாரையோ மாமனாரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறந்த வீட்டில் நாலு நாள் கால் நீட்டி உட்காரலாம் என்று வருகிறார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் உட்காரவைத்துச் சோறு போட்ட கைக்கு இன்றைக்கு 81 வயது என்பதை யாராவது அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நாட்களுக்கு மட்டும் சமையலுக்கு ஓர் ஆளை வையுங்கள். செலவைத் தம்பி ஏற்கட்டும்.

அதற்காக அம்மாவை அடுப்படிக்கே போகக் கூடாது என்று தடுத்துவிடாதீர்கள். அது அவர் ராஜ்யம். மருமகன்கள் வந்தால் சொதி வைக்காமல் அவருக்கு மனசு ஆறாது. வைக்கட்டும். தேங்காய் துருவுவதும் பால் பிழிவதும் பிள்ளைகள் வேலை. அடுப்படி வாசலில் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு அம்மாவை உட்காரவையுங்கள். காய் வெந்துவிட்டதா, முதல் பாலை எப்போது ஊற்றுவது, எந்த நொடியில் அடுப்பை அணைப்பது என்று அவர் சொல்லட்டும். முதல் பால் கொதித்துவிட்டால் திரிந்துபோகும், அந்தப் பதம் அவருக்குத்தான் தெரியும். எலுமிச்சம்பழம் பிழிவதையும் இஞ்சிப் பச்சடியில் உப்பு பார்ப்பதையும் அவரிடமே விடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். வயதானால் முதலில் போவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். பத்துப் பேர் பேசும் கூடத்தில் ஆச்சிக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார், ஆச்சிக்கு எல்லாம் புரிகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். டிவியை அணைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினால் அவரும் பதிலுக்குப் பேசுவார். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அந்த அறைக்கதவு சாத்தியிருக்கட்டும். சூட்கேஸும் சார்ஜர் வயரும் நடைபாதையில் கிடக்க வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. 14 பேரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போவதால்தான் அம்மா நாலைந்து நாள் படுக்கிறார், நீங்கள் தனியாகத் தாங்குகிறீர்கள். சின்னக்கா இரண்டு நாள் முன்னால் வந்து, வீட்டையும் சாமான்களையும் ஏற்பாடு செய்யட்டும். உத்திரத்தன்று எல்லோரும் இருக்கட்டும். மற்றவர்கள் கிளம்பிய பிறகு பெரியக்கா மட்டும் ஒரு வாரம் தங்கட்டும். அந்த வாரம் நீங்கள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மதுரைக்கு, உங்கள் மனைவியிடம் போய்விடுங்கள். 'உங்களுக்குக் காட்டுகிறேன் பார்' என்று இதைச் செய்யாதீர்கள், அக்காவுக்கு அது உடனே தெரிந்துவிடும். உங்களுக்கும் ஓய்வு வேண்டும், அம்மாவுக்கு மகள் பக்கத்தில் வேண்டும், இரண்டும் உண்மைதானே. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது பக்கத்தில் பெரியக்கா இருப்பார். அதற்குப் பிறகு நீங்கள் அவருக்கு எதையும் விளக்க வேண்டி வராது.

இதையெல்லாம் அவர்கள் வந்திறங்கிய பிறகு பேசிப் பயனில்லை. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. உத்திரத்துக்கு வருகிறவர்கள் தை மாதத்திலேயே டிக்கெட் போட்டுவிடுவார்கள். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் பெரியக்கா கூப்பிடும்போது பேசிவிடுங்கள். முதலில் கோயிலில் சர்க்கரை இறங்கியதைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். பிறகு, அவருடைய திரும்பும் டிக்கெட்டை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள்.

அன்புடன்