போனைக் கீழே வைத்ததும் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்?

26 வயது வாசகர் ஒருவரின் கேள்வி: "ராத்திரி போனைக் கீழே வைத்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. திரும்ப எடுத்துக் கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்த்தால் அடங்கிவிடுகிறது. ஈசிஜி எடுத்தாயிற்று, நார்மல். போன் என் டென்ஷனைக் குறைக்கிறதா, ஏற்றுகிறதா? ஒரேயடியாக விட்டுவிடலாமா?" வேலை நேரம் போக தினமும் ஆறேழு மணி நேரம் போனில்தான் கழிகிறதாம்.

குறைப்பது உண்மைதான், ஆனால் அது குறைக்கிற டென்ஷனில் பெரும்பங்கு அதுவே கிளப்பிவிட்டது. 2017-இல் பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 144 பேரை வைத்து உங்கள் கேள்வியை ஏறக்குறைய அப்படியே சோதித்துப் பார்த்தார்கள். இணையத்தில் கொஞ்ச நேரம் உலாவவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். இணையப் பழக்கம் கட்டுமீறிப் போனவர்களுக்கு நிறுத்திய கையோடு இரண்டும் சராசரியாக 3 முதல் 4 சதவீதம் ஏறியிருந்தன, பதற்றமும் கூடியிருந்தது. பழக்கம் அளவோடு இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 3, 4 சதவீதம் இதயத்துக்கு ஒன்றும் ஆபத்தில்லை, மாடிப்படி ஏறினால் இதைவிட அதிகம் ஏறும். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது ஏறினால் மனசு அதையே உற்றுக் கவனிக்கும், கவனிக்கக் கவனிக்க இன்னும் ஏறும்.

நெருக்கடி வந்துவிட்டதாக மூளை நினைத்தால் உடம்பில் இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. சில நொடிகளிலேயே பரிவு நரம்பு மண்டலம் (ஆபத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் நரம்புகள்) முடுக்கிவிடப்பட்டு, அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுக்கும், தோலில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உங்களுக்குக் கை சில்லிடுவது இதனால்தான். அடுத்தது நிதானமாக வருவது: மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதாலமஸ் பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லி, அங்கிருந்து கார்டிசால் கிளம்பும், நெருக்கடியைச் சமாளிக்க உடம்புக்குச் சக்தி திரட்டித்தரும் ஹார்மோன் இது. அது உச்சம் தொட 20, 30 நிமிடம் ஆகும். அப்புறம் அந்தக் கார்டிசாலே மூளைக்குப் போய்ச் சுரப்பை அடக்கிவிடும், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். தானாகக் கிளம்புவது தானாகவே அடங்குகிற மாதிரிதான் இந்த ஏற்பாடு, இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இதில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் படுவது வேறொன்று. ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான, வேண்டுமென்றே மன அழுத்தம் தந்து பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. முகத்தில் சலனமே காட்டாத ஒரு குழுவின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. யாராக இருந்தாலும் வியர்க்கும், பெரும்பாலானவர்களுக்குக் கார்டிசால் நன்றாகவே ஏறும். கேமிங்குக்கு அடிமையான இளைஞர்களை இதே சோதனைக்கு உட்படுத்தியபோது (2017-இல் வெளிவந்த ஆய்வு) அவர்களுக்குக் கார்டிசால் குறைவாகத்தான் ஏறியது, ஆனால் மனநிலை மட்டும் மற்றவர்களைவிட மோசமாகச் சரிந்தது. அதாவது நிஜமான சவால் வரும்போது மனசு நொறுங்குகிறது, சமாளிக்க உடம்பு திரட்டித்தர வேண்டிய தெம்பு வரவில்லை. போனைக் கீழே வைப்பது மாதிரி ஒன்றுமில்லாத விஷயத்துக்கோ இதயம் ஓடுகிறது. அலாரம் அடிக்க வேண்டிய இடத்தில் மந்தம், தேவையில்லாத இடத்தில் கூச்சல். இது பழக்கத்தால் வந்ததா, இப்படிப்பட்ட உடம்பு உள்ளவர்கள்தான் பழக்கத்தில் எளிதாக விழுகிறார்களா என்று ஒரே ஒருமுறை அளக்கும் ஆய்வுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. கார்டிசால் காலையில் உச்சத்திலும் ராத்திரி அடிமட்டத்திலும் இருக்க வேண்டியது. தூக்கம் கெட்டால் மாலையில் அது இறங்குவது தாமதமாகும். எல்லோரும் திரை வெளிச்சத்தைத்தான் திட்டுகிறார்கள், நான் திரையில் ஓடும் சமாச்சாரத்தைத்தான் முதலில் குற்றம் சொல்வேன். சண்டையும் பரபரப்புமாகப் பார்த்துவிட்டுத் திரை வெளிச்சத்தை மட்டும் குறைத்து என்ன பயன்?

சரி, ஒரேயடியாக விடலாமா? விட்டால் உடம்புக்கு ஆபத்தில்லை, மதுவைத் திடீரென நிறுத்துவது போன்ற விபரீதம் இதில் கிடையாது. ஆனால் பெரும்பாலும் நிலைக்காது, அதுவும் ராத்திரியில் ஆரம்பித்தால் நிலைக்கவே நிலைக்காது. பகலில் ஆரம்பியுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் நடங்கள், அல்லது கைக்கு வேலை தரும் எதையாவது செய்யுங்கள். முதல் சில நிமிடங்கள் படபடப்பு ஏறும், மேலே சொன்ன மாதிரி விட்டுவிட்டால் தானாகவே அடங்கும். ஏறும்போதே போய் எடுத்தீர்களானால், எடுத்தால்தான் அடங்கும் என்று மூளை இன்னும் அழுத்தமாகக் கற்றுக்கொள்ளும். அதனால் எடுப்பதைத் தவிப்பு முடிவு செய்யக்கூடாது, கடிகாரம்தான் முடிவு செய்ய வேண்டும். ரொம்பவும் தவித்தால் ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சாக ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள், வேகஸ் நரம்பின் பிடி கூடும்.

பகலில் இது பழகிய பிறகு ராத்திரிக்கு வாருங்கள். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் போதும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அது தரும் படபடப்பையும் சேர்த்துப் போன் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஸ்மார்ட் வாட்ச்சில் இதயத்துடிப்பைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், அதுவும் திரைதான்.

ஈசிஜி நார்மல் என்பதோடு நின்றுவிடாமல் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் இதே படபடப்பு வரும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலும், சும்மா இருக்கும்போதே துடிப்பு 100-க்கு மேல் நின்றாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் நோயாக இருப்பது கேமிங் கோளாறுதான், ரீல்ஸ் பழக்கத்துக்குத் தனிப்பெயர் கிடையாது. ஆனால் அதன் அடியில் மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருப்பது சகஜம். போன் இல்லாத நேரத்திலும் மனசு கனமாகவே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அங்கே முதலில் அதற்குத்தான் சிகிச்சை தருவார்கள்.