எண்ணெய் வளமுள்ள நைஜீரியா பெட்ரோலை ஏன் இறக்குமதி செய்தது? அங்கு மின்வெட்டு ஏன்?

நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. அதைச் சூடாக்கிப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எனப் பிரித்தெடுப்பதே சுத்திகரிப்பு. களத்துமேட்டில் நெல் குவிந்திருந்தும், ஊர் அரவை ஆலை பழுதானதால் நெல்லை விற்றுவிட்டுக் கடையில் அரிசி வாங்கும் குடும்பத்தைப் போன்றதுதான் நைஜீரியாவின் நிலை.

1956-இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டறியப்பட்ட அந்நாட்டில், போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய இடங்களிலுள்ள அரசு ஆலைகள் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்க வல்லவை என்று ஏட்டில் இருந்தாலும், பராமரிப்பின்மையால் பல ஆண்டுகள் பெரும்பாலும் முடங்கியே கிடந்தன. 2023 மே வரை அரசு மானியம் கொடுத்துப் பெட்ரோலை அடக்கவிலைக்கும் குறைவாக விற்கச் செய்ததால், உள்நாட்டில் புதிய ஆலை கட்ட முதலீட்டாளர்கள் தயங்கினர். என் பார்வையில், பழுதான இயந்திரங்களைவிட இதுவே பெரிய காரணம். லாகோஸ் அருகே 6,50,000 பீப்பாய் திறனுடன் 2024-இல் உற்பத்தியைத் தொடங்கிய தாங்கோட்டே ஆலை இந்நிலையை மாற்றி வருகிறது.

மின்சாரம் தனிக் கதை. அங்குள்ள மின் நிலையங்களில் பெரும்பாலானவை எண்ணெயால் அல்ல, இயற்கை எரிவாயுவால் இயங்குபவை. நாட்டின் எல்லா மின் நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் (முழுமையாக இயங்கினால் உற்பத்தி செய்யக்கூடிய அளவு) சுமார் 13,000 மெகாவாட் என்றாலும், எரிவாயுத் தட்டுப்பாடு, பலவீனமான மின்கடத்தல் வலையமைப்பு, வசூலாகாத கட்டணம் ஆகியவற்றால், 20 கோடிக்கும் அதிகமான மக்களுக்குப் பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட் வரையே கிடைக்கிறது. எனவே கடைகளும் வீடுகளும் ஜெனரேட்டரை நம்ப, அதற்கும் பெட்ரோல் செலவாகிறது.

எண்ணெய் தீர்ந்துபோனதால்தான் இறக்குமதி என்று பலர் எண்ணுவது சரியல்ல. பெட்ரோல் கப்பல்கள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டுக்கொண்டும் இருந்தன.