ஜப்பான் வெளிமதங்களை ஏற்காத நாடா?

"ஜப்பானியர்களின் பண்பாடே வெளியிலிருந்து வரும் மதத்தை ஏற்காது, அதனால்தான் அங்கே கிறிஸ்தவர்கள் ஒரு சதவீத அளவிலேயே நிற்கிறார்கள், இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் புத்த மதம் எங்கிருந்து வந்ததாம்?

அதுவும் இறக்குமதிதான். 6-ம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே அரசர் புத்தர் சிலை ஒன்றை அனுப்பிவைக்க, வைத்துக் கும்பிடலாம் என்றது சோகா குடும்பம், நம் சாமிகளுக்குக் கோபம் வரும் என்றது மொனொனொபே குடும்பம். 587-ல் போரே நடந்து சோகா ஜெயித்தது. அப்புறம் காலப்போக்கில், 'கமி'கள் (ஜப்பானின் பழைய சாமிகள்) எல்லாம் புத்தர்களின் வேறு வடிவங்கள்தான் என்று ஒரு விளக்கமும் வந்துவிட்டது. பழைய சாமி யாரையும் வீட்டைவிட்டு அனுப்பவேண்டியிருக்கவில்லை.

1549-ல் கிறிஸ்தவத்தைப் பரப்ப பிரான்சிஸ் சேவியர் என்ற பாதிரியார் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கியபோது கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். அது ஷிங்கோன் என்ற புத்தப் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது, உடனே 'தேயுஸ்' என்று மாற்றிக்கொண்டார் (அது அவர்கள் காதில் 'தாய் உசோ', அதாவது பெரிய பொய், என்று விழுந்தது தனிக் கூத்து). இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் சில லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஆக, மக்கள் கதவை மூடவில்லை. மூடியது அரசு. பாதிரியார்களுக்குப் பின்னால் போர்ச்சுகல், ஸ்பெயின் கப்பல்களும், ஆட்சியாளருக்கு மேலே இன்னொரு விசுவாசமும் அதன் கண்ணில் பட்டன. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் கொன்றார்கள், 1614-ல் நாடு முழுக்கத் தடை. தலைமறைவாக நம்பிக்கையைக் காத்தவர்களின் வாரிசுகள் 1865-ல்தான் நாகசாகி தேவாலயத்துக்கு வந்து தங்களைக் காட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று, 1868-ல் புதிதாக ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு, கமிகளை வணங்கும் ஷின்டோ மதத்தையும் புத்தத்தையும் பிரித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த புத்த மதத்தையே அந்நியம் என்று சொல்லிக் கோயில்களை உடைத்தார்கள். யார் அந்நியர் என்பது அந்தந்தக் காலத்து அரசியலைப் பொறுத்ததுதான் போல.

சரி, 1873-ல் தடை போன பிறகும் கிறிஸ்தவம் ஏன் வளரவில்லை? எனக்குப் படுவது, முன்னோர் விஷயம். குடும்பக் கல்லறை, அதைக் கவனிக்கும் கோயில், இறந்தவர்களுக்கான சடங்கு என்று எல்லாம் ஒரே முடிச்சு. சேவியரே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த முன்னோர் நரகத்திலிருந்து மீளவே முடியாது என்று கேட்டதும், அவர்களுக்காக ஏதாவது செய்யமுடியாதா என்று ஜப்பானியர்கள் கேட்டுக் கேட்டு அழுதார்களாம்.