'தவறு' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு

கேள்வி: சரி, தவறு எல்லாம் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும் அபிப்பிராயம்தான். எல்லோருக்கும் பொதுவான அறம் என்று ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னாலே நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். தங்கள் ஒழுக்கத்தை அடுத்தவர் மேல் திணிப்பது தவறு என்று இவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை?

பதில்: கடிதத்தில் 'தவறு' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள், தாளே கிழிகிற அளவுக்கு அழுத்தி. யாருக்குத் தவறு ஐயா? உங்களுக்கு மட்டும்தான் என்றால் அது அவர்களுக்கு ஏன் உறைக்க வேண்டும்? திணிக்கலாம் என்பது அவர்கள் அபிப்பிராயம், கூடாது என்பது உங்கள் அபிப்பிராயம், கணக்கு நேர். ஆனால் நீங்கள் அப்படி நினைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் போடவில்லை. அவர்களும் ஒப்புக்கொண்டே தீரவேண்டிய ஒன்றைச் சொல்வதாக நினைத்துத்தான் போட்டீர்கள்.

சரி, உங்களை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. இந்தப் பேச்சு எங்கே எடுத்தாலும் சிக்கிக்கொள்கிறது. "எல்லோருக்கும் பொதுவான அறம் உண்டு" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் காதில் "அது என்னவென்று எனக்குத் தெரியும், நீ கேட்டு நட" என்றுதான் விழுகிறது. கடலில் இந்த நிமிடம் எத்தனை மீன் இருக்கிறது என்பதற்குத் திட்டமான ஓர் எண் உண்டு, ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. விடை இருப்பது வேறு, அது என் சட்டைப்பையில் இருப்பது வேறு. (பையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு தடியெடுத்தவர்கள் நிறையப் பேர், அதனால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது.)

போதாததற்குச் சொல்லும் காலை வாரிவிடும். 'உண்மை' என்றால் உள்ளதாக இருப்பது, அதற்கு எதிர்ச்சொல் 'இன்மை'. யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இருப்பது இருக்கும். 'வாய்மை' அப்படியல்ல, அது பேச்சைப் பற்றியது. வாய்மை எது என்று கேட்டுக்கொண்டு, யாருக்கும் தீங்கில்லாத சொல் என்று வள்ளுவர் விடை சொல்கிறார். அடுத்த குறளிலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறார். ஒருவர் உண்மையைப் பற்றிப் பேச, மற்றவர் வாய்மையைப் பற்றிப் பதில் சொல்ல, விடிய விடிய சண்டை போடலாம்.

உங்கள் பக்கத்திலும் கனமான வாதம் இல்லாமல் இல்லை. 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படி இருக்க வேண்டும்' என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-லேயே கேட்டுவிட்டார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, கொடுமைக்கு இல்லை. 1947-ல் அமெரிக்க மானிடவியலாளர் சங்கமும் கிட்டத்தட்ட உங்கள் கேள்வியைத்தான் எழுப்பியது: பண்பாட்டுக்குப் பண்பாடு மதிப்புகள் மாறும்போது எல்லா மனிதருக்கும் ஒரே உரிமைப் பட்டியல் எப்படிப் பொருந்தும்? மறு ஆண்டே ஐ.நா. சபையில் மனித உரிமைப் பிரகடனம் 48 வாக்குகளோடு நிறைவேறியது. 8 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்து ஒரு வாக்குக்கூட இல்லை. ஏன் என்று கேட்காதவரை உரிமைகளில் எங்களுக்குள் ஒற்றுமைதான் என்ற பேச்சு அந்த நாட்களில் அடிபட்டது. தத்துவவாதி ழாக் மாரித்தேன் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் காலத்துக்குக் காலம் மாறும் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. மனிதனை ஏலத்தில் விற்பதைச் சட்டமும் ஊரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், அது கூடாது என்று எழுந்து சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தக் காலத்தின் அபிப்பிராயமே அந்தக் காலத்தின் அறம் என்றால், அன்றைக்குத் தவறு செய்தவர்கள் அவர்கள்தான். ஏலம் விட்டவன் இல்லை. இதற்கு ஆம் என்று எழுதி, அதன் கீழும் இரண்டு கோடு போட்டு அனுப்ப முடியுமா?

அப்புறம், நீங்கள் கேட்ட விஷயம். பேச வந்தவரோடு நண்பர்கள் சண்டைக்கு வந்தது தவறுதான். உங்களுக்குத் தவறு, அவர்களுக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன்.