நெருடாவின் முத்திரை

கேள்வி: தூதரக அதிகாரி, கவிஞர், போராளி என்று மூன்று வேடத்தையும் ஒருவரே களங்கமில்லாமல் தாங்க முடியும் என்பதற்கு பாப்லோ நெருடா சாட்சி அல்லவா? அவரைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாங்கினார், சரி. ‘களங்கமில்லாமல்’ என்ற சொல்தான் இடிக்கிறது.

1927-ல், 23 வயதில், தன் நாடான சிலியின் கௌரவ கான்சலாக (தூதருக்குக் கீழ்ப்பட்ட வணிகப் பிரதிநிதி) ரங்கூனுக்குப் போனார். உத்தியோகம் என்ன தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்குப் புறப்படும் தேயிலைப் பெட்டிகளின் காகிதங்களில் முத்திரை குத்துவது. மற்ற நாளெல்லாம் சும்மா. அந்தச் சும்மாவில் விளைந்த கவிதைகள் ஏராளம் (நம் ஊரிலும் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து கதை எழுதியவர்கள் உண்டு, குறை சொல்லவில்லை).

அதே முத்திரை ஒருமுறை உயிர் காத்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நண்பரும் ஸ்பானியக் கவிஞருமான லோர்கா கொல்லப்பட்டதும் நெருடா வெளிப்படையாக, பிராங்கோவின் படையை எதிர்த்த குடியரசின் பக்கம் நின்றார். அப்போது மாட்ரிட்டில் வகித்த கான்சல் பதவி போயிற்று. 1939-ல் சிலியின் புதிய அரசு அவரைப் பாரிசுக்கு அனுப்பியது. ‘வின்னிபெக்’ என்ற பழைய கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பானிய அகதிகளை ஏற்றி சிலியின் வால்பரைசோ துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறகு செனட்டரானார், 1948-ல் அதிபரையே எதிர்த்துப் பேசி, தலைமறைவாகி, மறு ஆண்டு குதிரையில் ஆண்டிஸ் மலையைக் கடந்து தப்பினார். 1971-ல் பிரான்சுக்குத் தூதர், அதே ஆண்டில் நோபல். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான்.

நீங்கள் தாண்டிப் போனது 1929. அப்போது அவர் கொழும்பில் கான்சல். வெள்ளவத்தையில் கடலோர வீடு. அங்கே எடுப்புக் கக்கூஸ். விடியற்காலையில் வந்து வாளியை எடுத்துப் போனவள் ஒரு தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி. அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைத்துப் பார்த்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். அவள் கண்ணை மூடாமல் சிலைபோலக் கிடந்தாளாம். நான் துப்பறிந்து சொல்லவில்லை, அவர் மறைவுக்குப் பின் 1974-ல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்று ஒரு வரி. அப்புறம் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். வளர்த்த கீரிக்குப் பெயர் தருகிறவர், அவள் பெயரைச் சொல்லவில்லை. கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

2018-ல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடா பெயரைச் சூட்டும் பேச்சு எழுந்தபோது, இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சிலியின் பெண்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நமக்குத் தெரியும், நாமோ காதல் கவிதைகளோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், அந்த நினைவுக் குறிப்புகளிலிருந்தே தொடங்குங்கள். கொழும்பு வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.