கலிஃபோர்னியாவில் முதல் வாடகைக் கார்: எதை எடுப்பது, ஓட்ட எப்படி இருக்கும்?

சான் ஹோசேக்கு வேலைக்கு வருகிறீர்கள், மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள், சொந்தக் கார் வாங்கும்வரை இரண்டு வாரம் வாடகைக் காரில் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் ஓட்டியது மேனுவல் ஸ்விஃப்ட். "இருப்பதிலேயே மலிவான வகையை எடுத்தால் போதுமா, இங்குள்ள சாதாரணக் கார்கள் கைக்கு எப்படி இருக்கும்?" என்பது கேள்வி. போதாது தம்பி. ஒரு படி மேலே போங்கள். இரண்டு படி வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புக் செய்யும்போது படத்தில் காட்டும் கார் உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதி இல்லை. "அல்லது இதைப் போன்றது" என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் காசு கொடுப்பது காரின் அளவுக்குத்தான். எகானமி என்றால் பெரும்பாலும் நிஸான் வெர்சா, சில இடங்களில் இன்னும் பழைய மிட்சுபிஷி மிராஜ். இன்டர்மீடியட் அல்லது மிட்சைஸ் என்றால் டொயோட்டா கரோலா, ஹூண்டாய் எலான்ட்ரா, நிஸான் சென்ட்ரா. ஃபுல் சைஸ் என்றால் கேம்ரி, ஆல்டிமா, மாலிபு. எது வந்தாலும் ஆட்டோமேட்டிக்தான்.

வெர்சாவில் 1.6 லிட்டர் எஞ்சின், 122 குதிரைத்திறன். ஸ்விஃப்டைவிட அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் வண்டியின் எடை 1,200 கிலோ, அதோடு சி.வி.டி. கியர்பெட்டி. பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு புல்லிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் எஃகு பெல்ட்டும்தான் அதற்குள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் ஏறி அங்கேயே நின்று, மிக்ஸியில் தேங்காய் அரைப்பதுபோல ஒரே சுருதியில் இரையும். வேகம் பின்னால் மெதுவாக வரும். கியர் மாறவில்லை, ஏதோ கோளாறு என்று புதிதாக வருபவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. கோளாறு ஒன்றும் இல்லை, அதன் இயல்பே அதுதான். மிதித்த காலை எடுக்காதீர்கள்.

ஊருக்குள் இதெல்லாம் பொருட்டே இல்லை. பிரச்சினை ஃப்ரீவே என்னும் விரைவுச்சாலையில் ஏறும் இடத்தில். சான் ஹோசே இருக்கும் பே ஏரியாவில் காலையிலும் மாலையிலும் ஏறுபாதையில் ஒரு சிக்னல் வைத்திருப்பார்கள், ஒரு பச்சைக்கு ஒரு கார்தான் போகலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, பாதை முடிவதற்குள் பக்கத்து லேன் ஓடும் வேகத்துக்கு வந்துவிட வேண்டும். லேன் காலியாக ஓடினால் அது மணிக்கு 65 மைல், நம் கணக்கில் 105 கிலோமீட்டர். ஒரு ஆள் மட்டும் இருக்கும்போது வெர்சா 60 மைலைத் தொடவே சுமார் 10 வினாடி எடுக்கும். குடும்பம், சாமான், ஏசி எல்லாம் சேர்ந்தால் இன்னும் நீளும். மிராஜில் மூன்று சிலிண்டர், 78 குதிரைத்திறன்தான். பெரிய ட்ரக் பக்கத்தில் கடந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மைலேஜ் நன்றாகக் கொடுக்கும், ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கு அது உகந்த வண்டி இல்லை. அந்த வகையில் அதை நீட்டினால் வேறு கேளுங்கள்.

கரோலாவில் 2023 மாடலிலிருந்து சாதாரண எல்.இ. வகைக்கும் 2 லிட்டர், 169 குதிரைத்திறன் எஞ்சின் வந்துவிட்டது. அதுவும் சி.வி.டி.தான், ஆனால் புறப்படுவதற்கென்று உள்ளே ஒரு உண்மையான முதல் கியர் இருக்கிறது. அதனால் சிக்னலில் கிளம்பும்போது ரப்பர் இழுப்பதுபோன்ற தயக்கம் இல்லை. வளைவில் நிதானமாக உட்காரும், குழியில் தூக்கிப் போடாது. குறை என்றால் சத்தம். 101ஆம் ஃப்ரீவேயில் கான்கிரீட் பரப்பில் ஓடும்போது டயர் இரைச்சல் உள்ளே நன்றாகக் கேட்கும், பின்சீட்டில் குழந்தையிடம் பேச குரலை உயர்த்த வேண்டியிருக்கும். எலான்ட்ரா கொஞ்சம் அமைதி, பின்சீட்டில் கால் நீட்ட இடமும் அதிகம். 147 குதிரைத்திறன்தான் என்றாலும் ஏறுபாதைக்குக் குறை வைக்காது. ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் பின்கண்ணாடி வழியே தெரிவது குறுகல், ரிவர்ஸ் கேமராவை நம்பித்தான் பின்னால் எடுக்க வேண்டும். இரண்டில் உங்களுக்கு நான் சொல்வது கரோலா. முன்னால் போகும் காரோடு இடைவெளி விட்டு வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ரேடார் க்ரூஸ் எல்லா வகையிலும் இருக்கிறது. நான்கு பக்கமும் பார்வை தெளிவு, பொத்தான்கள் எல்லாம் தேடாமல் கிடைக்கும் இடத்தில் இருக்கின்றன.

ஆல்டிமா, கேம்ரி வகை ஓட்ட இன்னும் சுகம், நீண்ட பயணத்துக்கு முதுகு வலிக்காது. ஆனால் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் புதுக் கைக்கு அந்த நீளம் தொல்லை. எஸ்.யு.வி. இப்போது வேண்டவே வேண்டாம். டெஸ்லா மலிவாகக் கிடைத்தாலும் தள்ளிவையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் தானே பிரேக் பிடிக்கும், பக்கக் கண்ணாடி சரிசெய்யத் திரைக்குள் போக வேண்டும், 2024இல் வந்த மாடல் 3இல் இண்டிகேட்டர் கம்பிகூட இல்லை, ஸ்டீயரிங்கில் பொத்தான்தான். இடப்பக்க ஸ்டீயரிங், வலப்பக்கச் சாலை என்ற இரண்டையும் பழகும் வாரத்தில் மூன்றாவதாக ஒன்று வேண்டாம்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கரோலா டிக்கி 13 கன அடி, அதாவது 370 லிட்டர். விமானத்தில் கொண்டுவரும் பெரிய பெட்டி இரண்டு போகும், கூட ஒரு சின்னப் பெட்டி. உங்களிடம் நான்கு பெரிய பெட்டி இருக்கும், பின்சீட்டில் குழந்தை இருக்கை வேறு. ஏற்ற முடியாது. அதற்காகப் பெரிய கார் எடுக்க வேண்டியதில்லை. வந்திறங்கும் நாளில் டாக்ஸியோ தெரிந்தவர் வண்டியோ போதும். தூக்கம் கலைந்த கண்ணோடு அன்றைக்கு ஓட்டவும் கூடாது. இரண்டு நாள் கழித்து ஊருக்குள் இருக்கும் கிளையில் எடுங்கள், விமான நிலையக் கட்டணமும் மிச்சமாகும். குழந்தை இருக்கை கட்டாயம். கலிஃபோர்னியாவில் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பின்சீட்டில் உரிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் நாள் வாடகையாக இரண்டு வாரம் கொடுப்பதற்குக் கடையில் புதிதாகவே வாங்கிவிடலாம்.

இனி கைப்பழக்கம். நம் கார்களில் பெரும்பாலும் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம், இங்கே இடக்கைப் பக்கம். திருப்பத்தில் வைப்பர் ஓடும், அதைப் பார்த்துப் பதறாமல் இடக்கையைத் தேடுங்கள். கியர் போடும் விதமும் காருக்குக் கார் மாறிவிட்டது. 2024 சொனாட்டாவில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வலப்பக்கம் முறுக்கும் கம்பி, பசிஃபிகா வேனில் வட்டத் திருகு. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), டி (டிரைவ்) மூன்றையும் நாலைந்து முறை போட்டுப் பாருங்கள். இடக்காலைத் தரையில் ஒதுக்கிவிடுங்கள். கிளட்ச் நினைப்பில் அது பிரேக்கை மிதித்தால் பின்னால் வருபவன் மோதுவான்.

இதைவிட முக்கியம் லேனில் கார் நிற்கும் இடம். ஊரில் உங்கள் உடம்பு லேனின் நடுவிலிருந்து வலப்பக்கம் இருந்து பழகிவிட்டது. இங்கும் கண் அதே இடத்தைத் தேடும், ஆனால் இப்போது காரின் பெரும்பகுதி உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது. விளைவு, கார் முழுதும் வலக்கோட்டை ஒட்டி ஓடும். புதிதாக வருபவர்கள் திருப்பித் தரும் கார்களில் வலப்பக்க முன்சக்கரத்தின் அலாய் நடைமேடை ஓரத்தில் உரசிக் கிடப்பது இதனால்தான். "இடக்கோடு என் தோளுக்குப் பக்கத்தில்" என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். லேன் உதவி போட்டிருந்தால் கோட்டைத் தொடும்போது ஸ்டீயரிங் லேசாக எதிர்ப்பக்கம் இழுக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், நீங்கள் ஓரம் போகிறீர்கள் என்று அர்த்தம்.

பக்கக் கண்ணாடியில் யாரும் சொல்லாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுநர் பக்கத்து இடக்கண்ணாடி தட்டையானதாக இருக்க வேண்டும், வலக்கண்ணாடிதான் குவிந்தது. ஊரில் இரண்டுமே குவிந்தவை என்பதால் இடக்கண்ணாடியில் தெரிவது உங்களுக்குக் குறைவாகப் படும், உண்மையிலும் குறைவுதான். தலையை இடப்பக்க ஜன்னலில் ஏறக்குறைய ஒட்டிவைத்து, சொந்தக் காரின் பக்கவாட்டு ஒரு கீற்று மட்டும் தெரியும்வரை கண்ணாடியை வெளியே திருப்புங்கள். வலப்பக்கத்துக்குத் தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். அப்படியும் லேன் மாறும்போது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும்.

பழக ஞாயிறு காலை 280ஆம் ஃப்ரீவே நல்ல சாலை: அகலம், வளைவுகள் மென்மை, ட்ரக் குறைவு. சாந்தா குரூஸ் போகும் 17ஆம் சாலையை முதல் வாரத்தில் தொடாதீர்கள். வளைந்து வளைந்து ஏறி இறங்கும், பல இடங்களில் ஓரமாக ஒதுங்க இடமில்லை, நடுவில் கான்கிரீட் சுவர். எந்த மலை இறக்கத்திலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள், சூடேறிப் பிடிமானம் போய்விடும். பல கார்களில் டி-க்குக் கீழே எல், எஸ், எம் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனால், திரும்பும்போது ஐ-5 நெடுஞ்சாலையில் க்ரேப்வைன் இறக்கத்தில் இது தேவைப்படும், அங்கே சரிவு 6 சதவீதம். யோசமிட்டி தேசியப் பூங்கா வழியாக டயோகா கணவாய்க்கு ஏறினால் கிட்டத்தட்ட 9,940 அடி. காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும், கரோலாவும் அங்கே மூச்சு வாங்கும். முந்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பனி கொட்டும் டாஹோ ஏரிப் பக்கம் போவதென்றால், டயர் சங்கிலி மாட்டப் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. சங்கிலிக் கட்டுப்பாட்டின் இரண்டாம் நிலையான ஆர்-2 அறிவிப்பு போட்டால் முன்சக்கர இழுவைக் காரைச் சங்கிலி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ஆகவே பனி நாளில் அந்தப் பயணமே வேண்டாம்.

காப்பீட்டில் கவனம். உங்கள் கிரெடிட் கார்டு தருவது பெரும்பாலும் வாடகைக் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பு மட்டும். நீங்கள் இடித்த அடுத்தவர் காருக்கும் அவர் மருத்துவச் செலவுக்கும் அது ஒரு டாலர்கூடத் தராது. இங்கே சொந்தக் கார் பாலிசி இல்லாதவர் நீங்கள், எனவே கவுண்டரில் அந்த மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டை மட்டுமாவது எடுத்தே தீர வேண்டும். பாலத்துச் சுங்கத்துக்கு நிறுவனம் தரும் கருவியைப் பயன்படுத்தினால் சுங்கத்தோடு நாள் கட்டணமும் சேரும், எத்தனை என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

சாவி வாங்கியதும் காரைச் சுற்றி ஒரே வீடியோ எடுங்கள். நான்கு சக்கர விளிம்பு, முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, பம்பரின் கீழ்ப்பகுதி, எரிபொருள் முள், ஓடிய மைல் எல்லாம் அதில் வரட்டும். டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் காற்றுப் பம்ப்தானா என்று பாருங்கள். விளக்குத் திருகை 'ஆட்டோ'வில் வையுங்கள். பகல் விளக்கு முன்னால் எரிவதைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைத்து, பின்விளக்கு இல்லாமல் இரவில் ஓடுபவர்கள் நிறைய. காலையில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பெரும்பாலும் குளிரில் காற்று சுருங்கியதுதான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள், பெரும்பாலும் 32 முதல் 36 பி.எஸ்.ஐ. கலிஃபோர்னியாவில் பெட்ரோல் போடும் வாடிக்கையாளருக்குக் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, உள்ளே போய்க் கேளுங்கள்.

பெட்ரோலில் 87 ஆக்டேன் என்ற சாதாரண வகை போதும். எரிபொருள் முள் பக்கத்தில் பம்ப் படத்தோடு இருக்கும் சின்ன அம்பு, மூடி எந்தப் பக்கம் என்று காட்டும். பம்பில் அட்டை செருகினால் ஐந்து இலக்க ஜிப் எண் (இந்த ஊர்ப் பின்கோடு) கேட்கும், இந்திய அட்டையில் அது ஒத்துப்போகாது. உள்ளே போய் "பம்ப் நாலு, நாற்பது டாலர்" என்று அட்டையைக் கொடுங்கள், மிச்சம் இருந்தால் திருப்பிப் போடுவார்கள். கடைசி நாளில் திருப்பித் தரும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பி, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காரில் இணைத்த போனையும் வரைபடத்தில் பதிந்த வீட்டு முகவரியையும் திரையிலிருந்து அழித்துவிட்டு, இன்னொரு வீடியோ எடுத்த பிறகு சாவியைக் கொடுங்கள்.