ககன்யானில் ஆள் ஏறும் முன்பு தப்பிக்கும் அமைப்பை ஏன் இத்தனை முறை சோதிக்கிறார்கள்? ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதாதா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டரும் லைட்டும் போடுகிறவன் நான். ராக்கெட் படிப்பு படித்ததில்லை. ஆனால் இஸ்ரோ மனிதரை விண்வெளிக்கு அனுப்பப் போகும் இந்த ககன்யானில், ராக்கெட்டுக்கு ஆபத்து வந்தால் ஆள் இருக்கும் கலத்தை மட்டும் பிரித்து இழுத்துப் போகிற தப்பிக்கும் அமைப்பைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ‘ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதாதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு ராத்திரியே பதில் சொன்னது.

பல வருஷத்துக்கு முன்பு ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். முதல் நாளே வாடகை ஜெனரேட்டரை இறக்கி, கால் மணி நேரம் ஓட விட்டேன். சத்தம் சீராக இருந்தது, அணைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ராத்திரி கரண்ட் போனது. முகப்பில் ஃபோகஸ் லைட், வளவு முழுக்க சீரியல் பல்பு, பின்கட்டில் இரண்டு கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறின. இன்ஜின் சத்தம் கீழே இறங்கியது, கரும்புகை வந்தது, பல்புகள் சிவந்து அணைந்தன. இருட்டில் அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: “நேத்துத்தானே தம்பி ஓட்டிப் பார்த்தீங்க?”

ஓட்டிப் பார்த்தேன்தான். லோடு கொடுத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, ஊறப்போட்ட அரிசியோடு கிரைண்டரைச் சுற்ற விட்டு, லைட் முழுவதையும் போட்டுப் பார்க்காமல் எந்த ஜெனரேட்டரையும் நம்புவதில்லை.

தப்பிக்கும் அமைப்புக்கு லோடு எங்கே வருகிறது? முதல் இடம் ஏவுதளம். ராக்கெட் நின்ற இடத்திலேயே தீப்பிடித்தால், ஆள் இருக்கும் கலத்தை நின்ற நிலையிலிருந்து பாராசூட் விரிய இடம் கிடைக்கும் உயரத்துக்கு நொடிகளில் இழுத்துப் போக வேண்டும். 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ அதைத்தான் செய்தது. 12.6 டன் எடை, ஏழு திட எரிபொருள் மோட்டார்கள், சுமார் 2.7 கி.மீ. உயரம், மொத்தம் 259 விநாடி. திட எரிபொருளை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பம்பு சுற்றி வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பற்ற வைத்த மாத்திரத்தில் முழு விசை கிடைக்கும்.

இரண்டாவது இடம் நடுவானம். ஒலியின் வேகத்தைத் தாண்டும் கட்டத்தில் எதிர்க்காற்று மிக மோசமாக அழுத்தும். அந்த அழுத்தத்துக்குள், ஓடிக்கொண்டிருக்கும் ராக்கெட்டை விட்டுக் கலம் பிய்த்துக்கொண்டு விலக வேண்டும். 2018 சோதனையை நூறு தடவை திரும்பச் செய்தாலும் இது தெரியாது. அதற்காகவே இஸ்ரோ ராக்கெட்டுகளில் ஓடும் விகாஸ் இன்ஜின் ஒன்றை வைத்து டிவி-டி1 என்று தனி ராக்கெட் கட்டி, 2023 அக்டோபர் 21 அன்று விட்டார்கள். ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில், ஒலியைப் போல் 1.2 மடங்கு வேகத்தில் கலத்தைப் பிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு வீட்டு மொட்டைமாடியில் வயர் இழுத்துக்கொண்டே போனில் பார்த்தேன். ஏவுவதற்கு 5 விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. “போச்சா அண்ணே?” என்றான் கூட இருந்த பையன். சந்தேகம் வந்ததும் தானே நிற்பதுதான் நல்ல மெஷின் என்றேன். காரணத்தைக் கண்டு சரிசெய்து 10 மணிக்கு விட்டார்கள், போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயர் வேலை செய்கிறவனாக எனக்கு மனதில் நிற்பது 1983 செப்டம்பர் 26. சோவியத்தின் பைக்கானூர் ஏவுதளத்தில், ஆள் ஏற்றிப் போகும் சோயுஸ் ராக்கெட்டின் அடியில் தீ. உள்ளே டிட்டோவ், ஸ்ட்ரெகலோவ் என்ற இரண்டு விண்வெளி வீரர்கள். தீ முதலில் கேபிள்களைத்தான் தின்றது. கீழே இருந்தவர்கள் ரேடியோ வழியே கட்டளை அனுப்பித்தான் தப்பிக்கும் மோட்டாரைப் பற்ற வைத்தார்கள். கலம் விலகிய சில விநாடிகளில் ராக்கெட் வெடித்தது. இருவரும் பிழைத்தார்கள். ரேடியோ என்ற அந்த இரண்டாவது வழி இல்லாதிருந்தால்? எமர்ஜென்சி லைட்டுக்குத் தனி பேட்டரி வைக்கிற மாதிரிதான். எது கெட்டுப்போகும் என்று பயப்படுகிறோமோ, அதையே நம்பி மாற்று ஏற்பாடு இருக்கக் கூடாது.

1965 மே 19 அன்று அமெரிக்காவில், நிலவுக்கு ஆள் அனுப்பும் அப்போலோ திட்டத்துக்காக ஒரு சோதனை. உயரத்தில் கலத்தைப் பிரிப்பதாகத் திட்டம். ஆனால் ஏவிய அரை நிமிடத்துக்குள் ராக்கெட் கட்டுப்பாடு இழந்து சுழன்று நிஜமாகவே சிதறிவிட்டது. தப்பிக்கும் அமைப்பு தானாக உணர்ந்து, ஆளில்லாத கலத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கியது. யாரும் திட்டமிட்டுக் கொடுக்க முடியாத லோடு அது.

மோட்டார் சரியாக இழுத்தாலும் வேலை முடிவதில்லை. 2019 நவம்பரில் அமெரிக்காவின் போயிங் கம்பெனி கட்டிய ஸ்டார்லைனர் கலத்தின் தப்பிக்கும் சோதனையில் மூன்று பாராசூட்டில் ஒன்று வெளியே வரவில்லை. ஒரு பின் சரியாக மாட்டப்படாததுதான் காரணம். டிவி-டி1 கலமும் பாராசூட்டில் அழகாக இறங்கியது, ஆனால் வங்கக் கடலில் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. கடற்படைக்காரர்கள் அப்படியேதான் அதைக் கண்டெடுத்தார்கள். உள்ளே ஆள் இருந்திருந்தால் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். வெறும் கலத்தை விட்டதால்தான் அது முன்கூட்டியே தெரிந்தது.